ஜன்னலைச் சாத்திக்கொண்டு ஒரு விளக்கு

குளிர் நாட்டுக்கு மேல்படிப்புக்குப் போன என் தம்பி, படிப்பை முடிக்காமலேயே இரண்டாம் வருடம் காரிமங்கலத்துக்குத் திரும்பி வந்தான். பெட்டியில் துணிகளுக்கு நடுவே, பரீட்சை அட்டை அளவில் தட்டையாக ஒரு விளக்கு இருந்தது.

"அங்க குளிர்காலத்துல வெளிச்சமே இருக்காதுக்கா. மனசு ரொம்ப விழுந்துபோச்சு. தினம் காலையில அரை மணி நேரம் இதுக்கு முன்னாடி உக்காரச் சொன்னாங்க" என்றான்.

"இங்கதான் வெயிலு மண்டையைப் பொளக்குதே கண்ணு. இதை எதுக்குச் சுமந்துகிட்டு வந்த?" என்று கேட்டார் அம்மா. அவன் அதை எடுத்துப்போய்த் தன் அறை மேஜையில் வைத்தான்.

மறுநாளிலிருந்து ஜன்னலைச் சாத்திக்கொண்டு அதன் முன் உட்கார்ந்தான். அரை மணி நேரம் இரண்டு மணி நேரமானது, பிறகு பகல் முழுக்க என்றானது. குளிப்பதில்லை. வைத்த சாப்பாடு வைத்தபடியே கிடக்கும். ஒரே ஒரு முறை கடைவீதிக்குப் போனான். "எப்பத் தம்பி திரும்பிப் போறீங்க?" என்று மூன்று பேர் கேட்டார்களாம். அதன் பிறகு வாசல்படி தாண்டவில்லை.

நான் தினமும் பஸ் பிடித்து தர்மபுரிக்குப் போய் வரும் பள்ளி ஆசிரியை. சக ஆசிரியைகளிடம், தம்பி லீவில் வந்திருக்கிறான் என்றே சொல்லிவந்தேன். எனக்கும் வெட்கமாகத்தான் இருந்தது.

ஏப்ரல் மாதத்தில் ஒரு காலை, கோபத்தில் அந்த விளக்கின் பிளக்கைப் பிடுங்கினேன். "ஊரு பூரா வெயில் காயுது. நீ எதுக்கு இருட்டு ரூமுல லைட்டப் போட்டுகிட்டு உக்காந்திருக்க? வெளிய போய் நில்லு, எல்லாம் சரியாப் போயிரும்." விளக்கை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு பள்ளிக்குப் போய்விட்டேன்.

மதியம் அம்மா போன் செய்தார். நான் கிளம்பிய சற்று நேரத்தில் மொட்டை மாடிக்குப் போனவன், வெறுங்காலோடு அங்கேயே நின்றிருக்கிறான். துணி எடுக்கப் போன அம்மாதான் தண்ணீர்த் தொட்டி ஓரம் அவன் விழுந்து கிடந்ததைப் பார்த்திருக்கிறார். ஆஸ்பத்திரிக்கு நான் ஓடியபோது டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது. உள்ளங்கால் இரண்டும் கொப்பளித்திருந்தன.

"நீ சொன்னேன்னு நின்னு பார்த்தேன்க்கா. ஒண்ணும் சரியாவல" என்றான். குரலில் கோபமே இல்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அங்கிருந்து ஒரு மனநல மருத்துவரிடம் அழைத்துப் போனோம். அந்த நாட்டில் கொடுத்த மாத்திரைகளை, ஊருக்கு வந்ததும் அவன் நிறுத்திவிட்டது அங்குதான் எங்களுக்குத் தெரிந்தது.

"லைட்டு நல்லதுதாங்க. ஆனா அது மட்டும் போதாது, நாள் பூரா உக்காரவும் கூடாது. காலையில எந்திரிச்சதும் அரை மணி நேரம். மாத்திரையை அவங்களா நிறுத்தவே கூடாது" என்ற அந்த டாக்டரம்மா, என்னைப் பார்த்து, "இது சோம்பேறித்தனம் இல்லைங்க, வியாதி" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் பீரோவைத் திறந்து விளக்கை மேஜையில் வைத்தேன். தினமும் காலையில் நானும் பக்கத்தில் உட்கார்ந்து நோட்டுத் திருத்துவேன். ஒருநாள் அவனாகவே சொன்னான்: "வெளிய போனா எல்லாரும் ஏதாவது கேக்கறாங்கக்கா. இது ஒண்ணும் கேக்காது."

கேட்டவர்களில் நானும் ஒருத்தி.

ஒரு மாதம் கழித்து, யாரும் சொல்லாமல் தானாகவே குளித்தான். பிறகு விடிந்ததும் கொஞ்ச தூரம் நடந்துவிட்டு வர ஆரம்பித்தான். இப்போது ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறான், மாத்திரையும் தொடர்கிறது. ஆனாலும் போன பொங்கலுக்கு வந்தவன் இரண்டு நாள் சுவரைப் பார்த்தபடி படுத்தே கிடந்தான். அம்மா எதுவும் கேட்கவில்லை. கேட்பதை அவர் விட்டுவிட்டார்.

முன்பெல்லாம் சின்ன விஷயத்தைக்கூட என்னிடம்தான் முதலில் சொல்வான். இப்போது ஞாயிற்றுக்கிழமை போன் செய்தால், "நல்லா இருக்கேன்க்கா, சாப்பிட்டேன்க்கா" என்பதோடு சரி. அது உண்மையா என்று எனக்குத் தெரிவதில்லை. அந்த ஏப்ரல் நாளைப் பற்றி இரண்டு முறை பேச்செடுத்தேன். இரண்டு முறையும், "அம்மாகிட்ட குடுக்கா" என்று சொல்லிவிட்டான்.