ஸ்லோப்புக்கு மூன்று சொல்

காலை ஏழரைக்கு மயிலாப்பூர் குளத்தருகே ஆட்டோவை நிறுத்தி, மவுண்டுக்குப் போகவேண்டும் என்றேன். "மவுண்ட் ரோடா, பரங்கிமலையா?" என்று கேட்டார் ஓட்டுநர் இம்தியாஸ். மலைதான் என்றதும் முந்நூறு ரூபாய் சொன்னார். பேரம் பேசவில்லை. கோபத்தில் கிளம்பியவளுக்குப் பேரம் வராது.

முந்தைய நாள் தியாகராய நகரில் மூண்ட கோபம் அது. மலையேறுபவர்களுக்கான ஆங்கில நூல் ஒன்றைத் தமிழாக்கிக் கொடுத்திருந்தேன். ஹில், ஹில்லக், நோல், ரிட்ஜ் என்று பக்கத்துக்குப் பக்கம் மேடுகள். குன்று, பொற்றை, கரடு என்று நான் தேடிப் போட்ட சொற்களில் பதிப்பாசிரியர் கார்த்திகேயன் குறை காணவில்லை. 'ஸ்லோப்' வந்த இடங்களைத்தான் சிவப்பு மையால் சுழித்திருந்தார். ஓரிடத்தில் ஏற்றம், இன்னோரிடத்தில் இறக்கம், வேறோரிடத்தில் சரிவு என்று எழுதியிருந்தேன்.

"ஒரு வார்த்தைக்கு மூணு வார்த்தை எதுக்கு மேடம்? எல்லாத்தையும் சரிவுன்னு மாத்திடலாம்," என்றார். பிறகு சிரித்துக்கொண்டே, "நீங்க மலை ஏறினதே இல்லல்ல, அதான். கோயம்புத்தூர்ல ஒருத்தர் இருக்கார். அவர்கிட்ட குடுத்துத் திருத்தி வாங்கிடறேன்."

ஐம்பத்தெட்டு வயதுவரை நான் மலை ஏறியதில்லை என்பது உண்மை. அதற்காக என் தமிழை இன்னொருவர் திருத்துவதா?

நந்தனம், சைதாப்பேட்டை தாண்டி, கத்திப்பாரா மேம்பாலத்தில் ஏறும்போது வண்டி முனகியது. "மெட்ராசுக்கு இதான் மேடம் மலை," என்றார் இம்தியாஸ். பரங்கிமலை அடிவாரத்தில் நிறுத்தச் சொன்னேன்.

"இன்னாத்துக்கு? மேல சர்ச் வரிக்கும் ரோடு கீது. வண்டி போவும்."

"நடந்துதான் போகணும். ஏறினாத்தான் ஒருத்தர்கிட்ட பேச முடியும்."

அவருக்கு என்ன புரிந்ததோ, "பொறுமையா ஏறுங்கோ. நான் இங்கியே கீறேன்," என்றார்.

படிக்கட்டு இருந்தது. படியில் போனால் காலுக்குப் படிதான் தெரியும், நிலம் தெரியாது என்று வண்டிப்பாதையில் நடந்தேன். முதல் வளைவிலேயே கெண்டைக்கால் இழுத்தது. உடம்பு தானாக முன்னால் குனிந்தது. பாதி வழியில் கைப்பிடிச் சுவரைப் பிடித்து நின்றேன். பக்கவாட்டில் பாறையும் புதருமாக நிலம் வீட்டுக்கூரைகள்வரை விழுந்து கிடந்தது. மூச்சு வாங்கியபோது கோயம்புத்தூர்க்காரரை நினைத்துக்கொண்டேன். மறுபடி நடக்க அதுவே போதுமாக இருந்தது.

உச்சியில் காற்று நன்றாக அடித்தது. கீழே விமான ஓடுபாதை, அப்பால் மடித்து வைக்காத பாய்போல நகரம். அதில் மயிலாப்பூர் எங்கே என்று கடைசிவரை எனக்குப் பிடிபடவில்லை. வெயில் ஏறுமுன் திரும்பினேன். இப்போது விரல்கள் செருப்பின் முனையில் முட்டின, முழங்கால்கள் பிரேக் போட்டன.

ஆட்டோவில் உட்கார்ந்ததும் கார்த்திகேயனை அழைத்தேன்.

"கோயம்புத்தூருக்கு இன்னும் அனுப்பல மேடம்."

"அனுப்ப வேண்டாம். பரங்கிமலை ஏறி இறங்கிட்டுப் பேசறேன். ஒரே ரோடுதான். போறப்ப ஏத்தம், வர்றப்ப இறக்கம், நின்னு பாத்தா சரிவு. அந்த இங்கிலீஷ்காரருக்கு ஒரு வார்த்தை போதும்னா அது அவர் பாடு. மூணுல ஒண்ணைத் தொட்டாலும் புத்தகத்துலேர்ந்து என் பேரை எடுத்துடுங்க."

மறுமுனையில் தாள்களைப் புரட்டும் சத்தம் கேட்டது.

"சரி, அப்படியே விட்டுடறேன். படிக்கிறவங்க யாராவது ஏன்னு கேட்டா?"

"பரங்கிமலைக்கு அனுப்புங்க," என்றேன்.