என் மகள் வாசித்த எருமை

ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த மூன்றாம் மாதமே என் மகள் கதைப் புத்தகம் வாசிக்கிறாள் என்று நான் நம்பினேன். சும்மா நம்பவில்லை. பத்துக்கு ஆறு அடியில் ஃப்ளெக்ஸ் அடித்து நம்பினேன்.

கறம்பக்குடியில் எனக்கு ஃப்ளெக்ஸ் கடை. காதுகுத்து, புதுவீடு, துபாய்க்குப் போவது, துபாயிலிருந்து வருவது என்று எங்கள் பக்கத்தில் எதற்கும் ஒரு பேனர் வேண்டும். ஊரார் பிள்ளைகளையெல்லாம் சிங்கமே, சிகரமே என்று வாழ்த்துகிறவன் சொந்தப் பிள்ளைக்கு அடிக்காமல் இருப்பானா?

பள்ளிக்கூடத்தில் ஒரு படப்புத்தகம் கொடுத்துவிட்டிருந்தார்கள். குளத்தில் இறங்கிய எருமை வெளியே வர மாட்டேன் என்கிறது. கொக்கு கூப்பிடுகிறது, ஆடு கூப்பிடுகிறது, நாய் கூப்பிடுகிறது. பக்கத்துக்கு ஒரு பெரிய படம், கீழே ஒரே ஒரு வரி. மகள் அதை மடியில் விரித்து, விரலை ஓட்டி, "கொக்கு கூப்பிட்டது, எருமை வரவில்லை" என்று கணீரென்று சொன்னாள். ஒரு வார்த்தை பிசகவில்லை. அந்த வயதில் சிலேட்டுக் குச்சியைத் தின்றுகொண்டிருந்தவன் நான். இந்த அறிவு என் பக்கத்திலிருந்து வந்திருக்காது என்று தெரிந்தும் பெருமையை மட்டும் நானே எடுத்துக்கொண்டேன். 'ஒன்றாம் வகுப்பிலேயே நூல் வாசிக்கும் எங்கள் குலவிளக்கே!' என்று அடித்துக் கடை வாசலில் கட்டினேன்.

அந்தச் சனிக்கிழமை என் மனைவியின் அண்ணன் திருவரங்குளத்திலிருந்து, தன் மகனின் காதுகுத்துக்குப் பேனர் சொல்ல வந்தார். வாசலில் நின்று அண்ணாந்து படித்தார். மகள் கடையில்தான் இருந்தாள்.

"எங்க ஆத்தா, மாமனுக்கு ஒரு பக்கம் படி பாப்போம்."

படித்தாள். நான் மீசையைத் தடவிக்கொண்டேன். மச்சானுக்குக் குசும்பு ஜாஸ்தி. அடுத்த பக்கத்துப் படத்தின் மேல் உள்ளங்கையை வைத்து மூடினார்.

"இப்பப் படி."

"கைய எடுங்க மாமா. மறைச்சா எப்படிப் படிக்கிறது?"

"எழுத்து கீழதானே இருக்கு. தெரியலையா?"

"அது தெரியுது. எருமைதான் தெரியல."

மச்சான் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "மாப்ள, ஒங்க குலவிளக்கு எழுத்தப் படிக்கல. எருமையப் படிக்குது!"

நான் சிரிக்கவில்லை. என் மண்டைக்குள் அவள் அதற்குள் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதப் போய், கேள்வித்தாளைப் புரட்டிப் புரட்டி எருமையைத் தேடிக்கொண்டிருந்தாள். மச்சான் பஸ் ஏறியதும் பேனரை அவிழ்த்தேன். கேட்டவர்களிடம் காற்றில் கிழிந்துவிட்டது என்றேன். அன்று வேப்பமரத்தில் ஓர் இலைகூட ஆடவில்லை.

பயந்தவன் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் நான் தொழில் தெரிந்தவன். கடையில் மிச்சம் கிடந்த வெள்ளை ஸ்டிக்கரை அளவெடுத்து வெட்டி, புத்தகத்தில் இருந்த அத்தனை படங்களையும் மூடினேன். ஒரு சுருக்கம், ஒரு காற்றுக் குமிழி இல்லை. எழுத்து மட்டும் தெரிந்தது. கல்யாணப் பேனருக்குக்கூட அவ்வளவு சுத்தமாக வேலை பார்த்ததில்லை.

மகள் திறந்தாள். அடுத்த பக்கம் பார்த்தாள். அதற்கடுத்த பக்கமும் பார்த்தாள்.

"எருமை எங்கப்பா?"

"உள்ளதான் இருக்கு. நீ எழுத்தப் படி."

நகத்தால் ஓரத்தைச் சுரண்டிப் பார்த்தாள். அப்புறம் மூடி வைத்துவிட்டுப் போய்விட்டாள். அதன்பிறகு அந்தப் புத்தகத்தை அவள் தொடவே இல்லை. நான் கையில் எடுத்தாலே, குளிக்கக் கூப்பிட்டால் தெருக்கோடி வரை ஓடுகிறவள், தானாகவே துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனாள். நாலு நாள் பிள்ளை பளபளவென்று இருந்தாள்.

"படிக்கத் தெரியாத புள்ளைய, படிக்கப் பிடிக்காத புள்ளையா ஆக்கிட்டீங்க" என்றாள் மனைவி. அது சுருக்கென்று தைத்தது. ராகம் போட்டுக் கதை சொன்ன பிள்ளை வாயடைத்து உட்கார்ந்திருப்பதை நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

ஸ்டிக்கரைச் சூடு காட்டி உரித்தேன். எல்லாம் ஒழுங்காக வந்தது, ஒரு பக்கத்தில் மட்டும் எருமையின் கொம்பும் கூடவே வந்துவிட்டது. பள்ளிக்கூடத்துப் புத்தகம் ஆயிற்றே! அதைத் தூக்கிக்கொண்டு டீச்சரிடம் போனேன். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். அவர் முன்னால் கைகட்டி நின்றுதான் நடந்ததைச் சொன்னேன்.

அவர் கொம்பில்லாத எருமையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். உதடு துடித்தது, ஆனால் சிரிக்கவில்லை.

"சார், நீங்க சினிமாப் பாட்டை எழுத்தப் பாத்தா கத்துக்கிட்டீங்க?"

"இல்லீங்க டீச்சர். கேட்டுக் கேட்டுத்தான்."

"அப்புறம் பாட்டுப் புத்தகத்தப் பாத்தா, எந்த வார்த்தை எங்க இருக்குன்னு தெரியும்ல? அதான் இது. வகுப்புல நான் வாசிச்சதக் கேட்டுக் கேட்டு இந்தக் கதை அவளுக்கு மனப்பாடம். படத்தப் பாத்துக் கதை சொல்றது ஏமாத்து இல்ல சார், ஆரம்பம். அவ சொல்லச் சொல்ல நீங்க விரலை எழுத்துக்குக் கீழ நகத்திட்டே வாங்க. பரீட்சை வைக்காதீங்க. முக்கியமா, எதையும் ஒட்டாதீங்க."

"கொம்பு?"

"அவளையே வரையச் சொல்லுங்க."

வரைந்தாள். பச்சை ஸ்கெட்ச் பேனாவால், எருமையைவிட நீளமாக. வரைந்து முடித்ததும் புத்தகம் மறுபடி அவளுடையது ஆகிவிட்டது. தினம் சாயங்காலம் அவள் சொல்வாள், நான் விரலை நகர்த்துவேன். ஐப்பசி மழை பெய்துகொண்டிருந்த ஒரு நாள் கரண்டு பில் நினைப்பில் என் விரல் கொஞ்சம் முந்திப் போய்விட்டது. அவள் அதைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள்.

"அங்கிட்டு எங்க போறீங்க? கொக்கு இங்க இருக்கு."

படத்தின் மேல் இல்லை, கொக்கு என்ற வார்த்தையின் மேல்தான் வைத்தாள். மச்சானுக்கு போன் போடலாமா என்று கை பரபரத்தது. போடவில்லை.

அரையாண்டுப் பரீட்சைக்கு முன்னால் டீச்சர் வேறொரு புத்தகம் கொடுத்துவிட்டார். அதை அதற்குமுன் யாரும் அவளுக்குச் சொன்னதில்லை. எட்டுப் பக்கம். எழுத்துக் கூட்டி வாசித்தாள். இரண்டு இடத்தில் நின்று படத்தைப் பார்த்தாள். ஒன்றைச் சரியாகச் சொன்னாள், ஒன்றைத் தப்பாகச் சொன்னாள். மீதியெல்லாம் எழுத்தைப் பார்த்தே வாசித்தாள்.