ஓவியங்களுக்கு ஈரம் பார்த்த அண்ணன்

இந்த நினைவு மலர் உங்கள் கைக்கு வரும் நாளில் அண்ணன் நம்மை விட்டுப் போய் ஒரு வருடம் நிறைகிறது. அவர் என்ன வேலை பார்த்தார் என்பது உறவினர் பலருக்குக் கடைசிவரை சரியாகப் பிடிபடவில்லை. “படம் மாட்டியிருக்கிற ஊட்டுல எலெக்ட்ரீஷியனுக்கு என்னங்க வேலை?” என்று விசேஷ வீடுகளில் அவரிடமே கேட்பார்கள். அவர் சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவார். அவர் சொல்லாததை இங்கே நான் சொல்கிறேன்.

சாமளாபுரத்தில் விசைத்தறி ஓட்டிய குடும்பத்தில் மூத்தவராகப் பிறந்தவர் அண்ணன். ஒன்பது வருடம் கழித்து நான். நான் ஆறாம் வகுப்புப் படிக்கும்போது அப்பா மாரடைப்பில் காலமானார். ஐ.டி.ஐ. படிப்பை அப்போதுதான் முடித்திருந்த அண்ணன், காரியம் முடிந்த மறுவாரமே பல்லடம் பக்கத்தில் ஒரு நூல் மில்லில் வேலைக்குச் சேர்ந்தார். காற்றில் ஈரம் குறைந்தால் நூல் அறுந்துபோகும். அறாமல் இருக்க, மில்லுக்குள் ஈரக்காற்றை அளந்து அனுப்பும் பெரிய இயந்திரம் ஒன்று உண்டு. பத்து வருடம் அதன் அருகிலேயே நின்றதில் அவருக்கு இடது காது மந்தமாகிவிட்டது. வீட்டில் நாங்கள் அவருக்கு வலப்பக்கமாக உட்கார்ந்துதான் பேசுவோம்.

இரண்டாயிரமாம் ஆண்டு பிறந்து சில வருடங்களில் மில்லை மூடினார்கள். முதலாளியின் மகளுக்கு ஓவியங்கள் சேர்ப்பதில் ஆசை. மில்லின் பஞ்சுக் கிடங்கைச் சீர்செய்து, சுண்ணாம்பு அடித்து, சேர்த்ததையெல்லாம் அங்கே மாட்டி ஓவியக் கூடமாக ஆக்கினார். ஈரம் பார்க்கத் தெரிந்த ஆள் வேண்டும் என்று அவர் தேடியபோது பழைய தொழிலாளிகள் அண்ணன் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள். ஏ.சி., விளக்கு, ஜெனரேட்டர், கூரை, கழிவறைக் குழாய் எல்லாம் அண்ணன் பொறுப்பில் வந்தன. “நூலுக்கு ஈரம் இருந்தாப் போதும். படத்துக்கு அது ஏறவும் கூடாது, இறங்கவும் கூடாது. பச்சக் குழந்த மாதிரி,” என்று ஒருமுறை அண்ணியிடம் சொன்னார். காலையும் மாலையும் ஒவ்வொரு அறையிலும் மீட்டரைப் பார்த்து நோட்டில் எழுதுவார். எந்த வேலையை என்றைக்குச் செய்தார் என்பதற்கும் அதே நோட்டில் டிக் போடுவார்.

அங்கே துப்புரவு வேலையில் அருளம்மாள் என்று ஒருவர் இருந்தார். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம். ஒரு திங்கட்கிழமை காலையில், பெரிய அறையில் மாட்டியிருந்த தேர்த்திருவிழாத் துணி ஓவியத்தின் கீழ் மூலையில் ஒரு சாண் அகலத்துக்குப் பழுப்புக் கறை படிந்திருந்தது. முந்தின நாள் அந்த அறையைத் துடைத்தவர் அருளம்மாள். ஈரத் துடைப்பானைச் சுவரில் சாய்த்து வைத்திருப்பார் என்று மேலாளர் தாமே முடிவுகட்டி, அண்ணன் வேலைக்குப் போய்ச் சேர்வதற்குள் எல்லார் முன்னாலும் திட்டி அவரை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்.

அண்ணன் ஏணி போட்டு ஏறி, சுவருக்கு மேலே இருந்த பலகையைக் கழற்றிப் பார்த்தார். ஏ.சி.யிலிருந்து வடியும் தண்ணீர் வெளியே போகும் குழாயில் பாசி அடைத்து, தண்ணீர் திரும்பிச் சுவருக்குள் இறங்கியிருந்தது. வாரம் ஒருமுறை அந்தக் குழாயை ஊதிச் சுத்தம் செய்ய வேண்டியது அண்ணன்தான். சனிக்கிழமைக்கு நேராக நோட்டில் டிக்கும் இருந்தது. ஆனால் அன்று அவர் அதைச் செய்யவில்லை. டிக்கை மட்டும் போட்டுவிட்டுச் சீக்கிரமே கிளம்பியிருந்தார்.

குழாயைச் சத்தமில்லாமல் சுத்தம் செய்து பலகையை மாட்டியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அவர் ஏணியிலிருந்து இறங்கி நோட்டை எடுத்துக்கொண்டு மேலாளர் அறைக்குப் போனார். “அந்தம்மா மேல தப்பில்லீங்க. செய்யாத வேலைக்கு நான் டிக் போட்டுட்டனுங்க,” என்றார். மேலாளர் ஏறிப் பார்த்தார். அன்று மதியமே அண்ணனையும் வேலையை விட்டு நிறுத்திவிட்டார்.

எனக்கு அப்போது வெள்ளகோவிலில் மாப்பிள்ளை பேசி முடித்து, கல்யாணத்துக்கு ஐந்து வாரம் இருந்தது. அன்று சாப்பிட உட்கார்ந்தபோது அண்ணன் நடந்ததைச் சொன்னார். அம்மா அவர் தட்டில் சோறு போட்டார். பிறகு, “கல்யாணம் முடிஞ்ச பொறகு சொல்லியிருக்கலாமில்ல சாமி?” என்றார்.

“அது வரைக்கும் அந்தம்மா பழியோட ஊட்டுல உக்காந்திருக்கோணுமா?” என்று மட்டும் அண்ணன் கேட்டார்.

நான் சனிக்கிழமையை நினைத்துப் பார்த்தேன். என்னைக் கடைக்கு அழைத்துப் போய் நிச்சயதார்த்தப் புடவை எடுத்துக் கொடுத்த நாள் அது. என்னால்தானே என்று அழுதேன். “சேல எடுக்க நானாத்தான் வந்தேன் அம்முணி. நீ ஒண்ணும் என்னய இழுத்துட்டுப் போகல,” என்று சொல்லிவிட்டுக் கை கழுவ எழுந்து போனார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை நான் எடுக்க அவர் விடவே இல்லை.

மறுநாள் பஸ் ஏறி வெள்ளகோவிலுக்குப் போய், என் மாமனாரிடம் தாமே விவரத்தைச் சொன்னார். மாமனார் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “வேற ஒண்ணும் இல்லீங்களே?” என்றாராம். இல்லை என்றதும், “அப்ப பத்திரிகை அடிச்சரலாமுங்க,” என்றாராம். என் கல்யாணம் குறித்த நாளில் நடந்தது.

அந்த வாரமே அண்ணனும் அண்ணியும் அருளம்மாள் குடியிருந்த லைன் வீட்டுக்குப் போனார்கள். அவர் அதற்குள் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குச் சேர்ந்திருந்தார். அண்ணன் மன்னிப்புக் கேட்டபோது அருளம்மாள், “நீங்க சொல்லலன்னா யாருக்கும் தெரிஞ்சிருக்காதுல்லா,” என்றார். “ஆனா அங்க இனிமே வரமாட்டேன். அத்தன பேரு முன்னாடி என்னயப் பேசிட்டாங்க.”

இரண்டு மாதம் அண்ணன் சாமளாபுரத்திலேயே விசைத்தறிகளுக்கு மோட்டார் பழுது பார்த்தார். ஓவியக் கூடத்தில் புதிதாக வந்தவர்கள், ஆட்கள் பார்க்க வரும் நேரத்தில் மட்டும் ஏ.சி.யைப் போட்டு மற்ற நேரத்தில் நிறுத்திவைத்தார்கள். ஓவியங்களின் மரச்சட்டங்கள் வெடிக்கத் தொடங்கின. அப்போதுதான் முதலாளியின் மகள் நேரில் வீட்டுக்கு வந்து கூப்பிட்டார். அண்ணன் தமக்கென்று எதுவும் கேட்கவில்லை. அருளம்மாள் மேல் தவறில்லை என்பதை மேலாளர் எல்லார் முன்னிலையிலும் சொல்ல வேண்டும் என்றார். மேலாளருக்கு அதில் மனமில்லை. பத்து நாள் இழுத்தார். கடைசியில் ஒரு காலை வேளையில் அருளம்மாளை வரவழைத்து, வேலையாட்கள் எல்லாரையும் நிற்க வைத்துச் சொன்னார். அருளம்மாள் கேட்டுக்கொண்டு, தலையை ஆட்டிவிட்டு, தம் ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டார். அண்ணன் அன்றே வேலையில் சேர்ந்தார்.

கறையை வெளியூர் நிபுணர் ஒருவர் வந்து பெரும்பாலும் எடுத்துவிட்டார். உற்றுப் பார்த்தால் ஓரத்தில் ஒரு நிழல் தெரியும். நம் வீட்டுப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு சுற்றிக் காட்டும்போது அண்ணன் அதையும் விட்டுவிட மாட்டார். “இது நான் பண்ணுன வேல கண்ணு,” என்பார். மின்வெட்டு கடுமையாக இருந்த வருடங்களிலும் ஜெனரேட்டரைப் பார்த்துப் பார்த்து ஓட்டி, அறைகளின் ஈரத்தை இம்மி பிசகாமல் வைத்திருந்தார்.

பிறகு சிறுநீரகம் கெட்டது. வாரம் இரண்டு நாள் கோவையில் டயாலிசிஸ், மற்ற நாட்களில் வேலை என்று ஒன்றரை வருடம் ஓட்டினார். கடைசி மாதத்தில் ஏணி ஏற முடியவில்லை. கீழே நாற்காலியில் உட்கார்ந்து, ஏணியில் ஏறிய ஊழியரிடம் மேலே என்ன தெரிகிறது என்று கேட்டுக் கேட்டு வேலை வாங்கினார். கோவை மருத்துவமனையில் ஒரு விடியலில், அண்ணி பக்கத்தில் இருக்க, அமைதியாக உயிர் பிரிந்தது. முப்பத்தெட்டு வயது. மகள் அப்போது மூன்றாம் வகுப்பு.

ஒன்றரை வருடமும் முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், டயாலிசிஸ் நாட்களில் தம் வேலையை விட்டுவிட்டுக் கார் ஓட்டி வந்த பக்கத்து வீட்டு அண்ணாருக்கும், இறுதி நாளில் தோள் கொடுத்த ஓவியக் கூடத்து ஊழியர்களுக்கும், துக்கம் கேட்க வந்து மூன்று நாள் எங்களோடு தங்கிச் சமைத்துப் போட்ட அருளம்மாள் அக்காவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இந்தக் கட்டுரையை அச்சுக்குக் கொடுக்கும் முன் வீட்டில் வாசித்துக் காட்டினேன். குழாய் விஷயம் நினைவு மலரில் எதற்கு, எடுத்துவிடலாம் என்று பெரியவர்கள் இருவர் சொன்னார்கள். எல்லாரும் அண்ணியைப் பார்த்தோம்.

“அவரே மறைக்கலீங்க,” என்றார் அண்ணி. “அது பாட்டுக்கு இருக்கட்டும்.”

இப்படிக்கு,
தங்கை