சுவிஸ் மாப்பிள்ளையும் பூச்சூடிய மாடும்

பால் திரைந்திருக்கிறதா என்று முகர்ந்து பார்ப்பதற்கு முன்பே கடைக்காரனைச் சந்தேகிக்கிறவர் எங்கள் அப்பா. கனடாவில், ஸ்காபரோவில் நாங்கள் இருந்த அடுக்குமாடி வீட்டுக் கதவில் பூட்டு ஒன்று, சங்கிலி ஒன்று, அதற்கும் மேலே அப்பா தானே துளைபோட்டு மாட்டிய கொண்டி ஒன்று. இப்படிப்பட்டவருடைய கையில்தான் சின்னம்மாவின் கலியாணம் இருந்தது. சின்னம்மா, அம்மாவின் தங்கை. எங்களோடு இருந்துதான் வேலைக்குப் போய்வந்தார். வந்த சம்பந்தங்களையெல்லாம் அப்பா ஏதாவது ஓர் ஐயத்தைக் கிளப்பித் தட்டிக் கழித்ததில் அவருக்கு முப்பது வயது நெருங்கிவிட்டது.

தொண்ணூறுகளின் நடுவில் ஓர் இலையுதிர் காலத்தில் சுவிஸிலிருந்து ஒரு மாப்பிள்ளையின் படம் வந்தது. ஹொட்டலில் வேலை என்று கூடவே எழுதியிருந்தது. பின்னால் பனி மூடிய மலை. பக்கத்தில் ஒரு மாடு. அதன் தலையில் உயரமாகப் பூக்கட்டு, கழுத்தில் குடம் அளவு மணி. மாப்பிள்ளை மாட்டுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

அப்பா படத்தை யன்னலடிக்குக் கொண்டுபோய்ச் சரித்துச் சரித்துப் பார்த்தார்.

"உது ஸ்ரூடியோத் திரை. யாழ்ப்பாணத்திலை நானும் உந்த மலைக்கு முன்னாலை நிண்டு படம் எடுத்தனான்."

உண்மைதான். கலியாணம் முடித்த கையோடு அவரும் அம்மாவும் எடுத்த படத்தில் அதே மாதிரி ஒரு மலை உண்டு. அம்மாவின் காலடியில் திரை மடிந்து ஏரி சுருங்கிப்போய் இருக்கும்.

"அப்ப மாடு?" என்றார் அம்மா.

"பட்டிப்பொங்கல் மாடு. ஆள் இன்னும் ஊரிலைதான். சுவிஸ் எண்டு புளுகிப்போட்டுக் கனடாவுக்கு வரப் பாக்கிறான்."

பொங்கலுக்கு மறுநாள் மாட்டுக்குப் பூச்சூட்டி மணி கட்டுகிற வேலையை எங்கள் ஆட்களைத் தவிர உலகத்தில் யார் செய்வார்கள்? எனக்கும் அது நியாயமாகவே பட்டது. சின்னம்மா படத்தை வாங்கிக்கொண்டு அறைக்குள் போய்விட்டார்.

அப்பாவின் இரத்தம்தானே எனக்கும். மாப்பிள்ளையைக் கையும் களவுமாகப் பிடித்துவிட வேண்டும் என்று, பள்ளிக்கூட நூலகத்தில் அல்ப்ஸ் மலைநாடுகளைப் பற்றிய பெரிய புத்தகம் ஒன்றை எடுத்து வந்து எல்லாருக்கும் வாசித்துக் காட்டினேன். பனியாறுகள் நகர்ந்து நகர்ந்து பள்ளத்தாக்குகளைக் குடைந்த கதை அப்பாவுக்கு அலுப்பாக இருந்தது. குளிர்காலத்தில் கணவாய்கள் மூடுண்டு போனதால் பள்ளத்தாக்குக்கு ஒரு பேச்சு உண்டாயிற்று, சுவிஸில் மட்டும் நாலு மொழி என்ற இடத்தில் மட்டும் நிமிர்ந்தார்.

"ஒரு சின்ன நாட்டிலை நாலு பாஷையோ? அப்ப ஆரை நம்புறது?"

அடுத்த பக்கத்தைப் புரட்டினால் அங்கே நிற்கிறது மாடு. அதே பூ, அதே மணி. கோடையில் மாடுகளை மலை உச்சிப் புல்வெளிக்கு ஓட்டிப்போய், அங்கேயே தங்கிப் பால் கறந்து சீஸ் செய்வார்களாம். குளிர் வருமுன் பூச்சூட்டிக் கீழே இறக்குவார்களாம். அந்தக் கோடையில் மலையில் ஒரு சாவு விழுந்திருந்தால் பூ இல்லையாம்.

"அதைத் திரும்ப வாசி," என்றார் சின்னம்மா. அந்த நாட்களில் ஊரிலிருந்து எங்களுக்கு வந்ததெல்லாம் சாவுச் செய்திகள்தான். நான் திரும்ப வாசித்தேன்.

அப்பா தோற்கிற ஆள் இல்லை. "சரி, மலை மெய். அப்ப ஹொட்டல் வேலை எண்டவன் ஏன் மாட்டுக் கயிறோடை நிக்கிறான்?"

படிக்காவிட்டால் மாடு மேய்க்கத்தான் போவாய் என்று என்னைத் தினமும் வெருட்டுகிற வீடு எங்களுடையது. சின்னம்மாவின் முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது.

சனிக்கிழமை அப்பா சுவிஸுக்குத் தொலைபேசி எடுத்தார். மாப்பிள்ளை சொன்ன பதில்களை எங்களுக்கும் கேட்கும்படி உரக்கத் திருப்பிச் சொன்னார்.

"ஹொட்டலிலை கோப்பை கழுவுறீரோ? கோடையிலை முதலாளியின்ரை தமையன்ரை மாடு பாக்கிறீரோ? மாடு! அப்ப தம்பி, ஏன் உந்தப் படத்தை அனுப்பினனீர்?"

பதிலைக் கேட்டுவிட்டு, ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு எங்கள் பக்கம் திரும்பினார். "கலியாணத்துக்கு முதலே எல்லாம் தெரியவேணுமாம். ஒருத்தன் இப்பிடி உண்மை சொல்லுறான் எண்டால் அதுக்குப் பின்னாலை பெரிசா ஏதோ இருக்கு. இது சரிவராது."

"தாங்கோ அத்தான்," என்று சின்னம்மா ரிசீவரை வாங்கினார். வாங்கினார் என்பது மரியாதைக்கு, பறித்தார். எங்கள் வீட்டில் அப்பாவிடமிருந்து யாரும் எதையும் அப்படிப் பறித்ததில்லை. அம்மா அப்பாவின் கையைப் பிடித்துக் குசினிக்குள் இழுத்துக்கொண்டு போனார்.

"நான்தான் கதைக்கிறன். அந்த மாட்டுக்கு என்ன பேர்?"

அங்கிருந்து ஏதோ பதில் வந்தது. சின்னம்மா சிரித்தார். "உங்களை முட்டாதோ?" பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, "மலையிலை தனிய இருக்கிறது பயமில்லையோ?" என்றார்.

அப்பாவைவிடச் சின்னம்மா கெட்டிக்காரி என்று அப்போதுதான் கண்டேன். இப்படிக் குறுக்குக் கேள்வி கேட்டால்தானே பொய்யன் அகப்படுவான்! உதவிக்கு நான் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அவர் பக்கத்தில் குந்தி, மாட்டுப் பக்கத்தை விரித்து வைத்துக்கொண்டு, "என்ன பேர் சொன்னவர்? இதிலை இருக்கோ எண்டு பாப்பம்," என்று காதுக்குள் கேட்டேன்.

சின்னம்மா என்னைத் திரும்பிப் பாராமலே கையை நீட்டிப் புத்தகத்தை மூடினார். விசாரணை பாதியில் நிற்கும்போது கையிலிருந்த ஆதாரத்தை ஏன் மூடுகிறார் என்று எனக்கு விளங்கவேயில்லை.