வெட்டி வேலை

“தலை மட்டும் குடுத்தா போதும்கா. பாடி நாங்களே வச்சிக்கினு இருக்கோம்” என்றார் ஃப்ளெக்ஸ் கடைக்காரர்.

அன்று காலையில்தான் என் தங்கை விழுப்புரத்தில் இறந்துபோயிருந்தாள். வீட்டு வாசலில் ஷாமியானா போட்டுக்கொண்டிருந்தார்கள். தெருமுனையில் கட்டுவதற்குக் கண்ணீர் அஞ்சலி பேனர் வேண்டும் என்று அவள் வீட்டுக்காரர் கிளம்பினார். செருப்பைத் தேடிக்கொண்டே, “அண்ணி, படம்னா உங்களுக்குத்தான் தெரியும், கூட வாங்க” என்றார். அழுதுகொண்டிருந்த பெண்களுக்கு நடுவிலிருந்து எழுந்து அவர் வண்டியின் பின்னால் உட்கார்ந்து போனேன்.

படம் கிடைப்பது பெரும்பாடாகிவிட்டது. சிறுநீரகம் கெட்டுச் சில வருஷங்களாக டயாலிசிஸில் இருந்தவள் அவள். சமீபத்துப் படங்களில் எல்லாம் முகம் ஊதி, கண் இடுங்கி, யாரோ போல இருந்தாள். அதற்கு முந்தைய படங்களில் எப்போதும் பின்வரிசை. படமெடுக்கிறார்கள் என்றாலே நகர்ந்து யார் முதுகுக்குப் பின்னாலாவது போய்விடுவாள். கடைசியில் ஒரு காதுகுத்து வீட்டில் எடுத்தது அகப்பட்டது. இரண்டு தடியான மாமன்களின் தோள்களுக்கு நடுவில், கழுத்து வரைக்கும் தெரிய, யாரையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அதைக் காட்டியபோதுதான் கடைக்காரர் அப்படிச் சொன்னார்.

அவர் கம்ப்யூட்டரில் ஒரு பெட்டியைத் திறந்தார். வரிசையாகத் தலையில்லாத உடம்புகள். கோட்டுப் போட்டவை, வெள்ளைச் சட்டையும் வேட்டியுமாகக் கும்பிடுகிறவை, பட்டுப் புடவை கட்டியவை. எங்கள் பக்கத்தில் செத்துப்போன ஆம்பளைகளில் பாதிப் பேர் உயிரோடு இருந்தபோது தொட்டே பார்க்காத கோட்டைப் போட்டுக்கொண்டுதான் பேனரில் நிற்கிறார்கள். அவை எங்கிருந்து வருகின்றன என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். “லேடீஸுக்கு இன்னா கலரு போடலாம்?” என்று கேட்டார். என் தங்கை வீட்டுக்காரர், “மெரூன்” என்றார்.

கடைக்காரர் மவுஸைப் பிடித்து அவள் முகத்தைச் சுற்றி வெட்ட ஆரம்பித்தார். தாடை, கன்னம், காது. நான் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். காதுக்குப் பின்னால் ஒரு கற்றை முடியை அவர் விட்டுவிட்டுப் போனார். என் வாய் சும்மா இருக்கவில்லை. “அந்தக் காதோரம் முடிய விட்டுட்டீங்க. இன்னும் உள்ளே போய் வெட்டுங்க” என்றேன். அவர் திரும்பி மரியாதையாகப் பார்த்தார். “மேடமும் இதே லைனா?”

“ஆமா” என்றேன். தங்கையின் உடம்பு வீட்டில் ஐஸ் பெட்டியில் கிடந்தது.

உண்மையில் அதே லைன்தான். திண்டிவனத்தில் நான் ஓவிய டீச்சர். வேலை அதுவென்றாலும் என் ஓவியம் வேறு. தூரிகையைத் தொட மாட்டேன். உலகப் புகழ்பெற்ற ஓவியங்களின் அச்சுப் பிரதிகளை வெட்டி, அந்தத் துண்டுகளை ஒட்டி, எங்கள் ஊர்களைச் செய்கிறேன். புதுச்சேரிக்குப் பக்கத்தில் இரும்பை கிராமத்தில் குடியிருக்கும் வெளிநாட்டுக்காரர்கள் வீடு காலி செய்யும்போது போடுகிற கனத்த ஓவியப் புத்தகங்களும் காலண்டர்களும் அங்கே ஒரு பழைய பேப்பர் கடைக்கு வரும். கடைக்காரர் எனக்காக எடுத்து வைப்பார். சுழல் சுழலாகச் சுற்றும் அந்த நீல இரவு வானத்தைக் கிழித்துப் பனமலை ஏரித் தண்ணீர் செய்திருக்கிறேன். வைக்கோல் போர்களை நறுக்கி, மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலைக் குவியல்கள் செய்திருக்கிறேன். அந்த நீண்ட விருந்து மேசையில் உட்கார்ந்திருக்கும் தாடிக்காரர்களைத் தனித்தனியாகப் பிரித்து விழுப்புரம் ஜங்ஷன் பெஞ்சுகளில் ரயிலுக்குக் காத்திருக்க வைத்திருக்கிறேன்.

கொலாஜ் என்று பெயர் சொன்னால் எங்கள் வீட்டில் யாருக்கும் நாக்கில் நிற்காது. அம்மா “ஒட்டு வேலை” என்பாள். என் தங்கைதான் “வெட்டி வேலை” என்று பெயர் வைத்தாள். “எங்கக்கா இன்னா பண்றா? வெட்டி வேலை பண்ணிக்கினு இருக்கா” என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். புதுச்சேரியில் ஒருமுறை என் படங்களைக் காட்சிக்கு வைத்தபோது, கையில் கோப்பையோடு வந்தவர்கள் ஏதேதோ பெரிய வார்த்தைகள் சொன்னார்கள். ஒன்றும் ஏறவில்லை. எனக்கு இருந்த ஒரே ரசிகை அவள்தான். டயாலிசிஸ் நாட்களில் திண்டிவனத்திலிருந்து பஸ் பிடித்துப் போவேன். அவள் ரத்தம் மிஷினுக்குள் போய்த் திரும்பிக்கொண்டிருக்கும். நான் படுக்கையோரம் உட்கார்ந்து கத்தரித்துக்கொண்டிருப்பேன். “இந்தப் பொம்பளை பாவம்க்கா, வெட்டாத” என்பாள். “இவன் மூஞ்சி சரியில்ல, இவனை வெட்டு.” நர்ஸ்களும் சிரிப்பார்கள். அங்கே அப்படிச் சிரித்தோம். சிரித்த நேரத்தில் அவளைச் சரியாகப் பார்த்திருக்கலாம். நான் கத்தரிக்கோலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஃப்ளெக்ஸ் கடையில் தலையை உடம்பில் வைத்ததும் ஒரு சிக்கல் வந்தது. மெரூன் புடவைக்காரியின் கழுத்து நல்ல சிவப்பு. எங்கள் குடும்பம் கருப்பு. என் தங்கை என்னைவிடக் கருப்பு, மழை பெய்த கொல்லை மண் மாதிரி. “கழுத்து கலரா கீது, மொகம் டல்லா கீது. மொகத்தைக் கொஞ்சம் ஏத்திடறேன்” என்றார் கடைக்காரர்.

“கழுத்தை எறக்குங்களேன்” என்றேன்.

“இந்த நேரத்துல யாருங்க கருப்பாக்குவாங்க?” என்று அவர் நிஜமாகவே திகைத்தார். தங்கை வீட்டுக்காரர் என் கையைத் தொட்டு, “வேணாம் அண்ணி. நல்லா இருக்கட்டும். இவ்ளோ நாள்தான் நல்லா இல்லாம இருந்தா” என்றார். மவுஸ் நகர நகர அவள் முகம் வெளுத்துக்கொண்டே போனது.

பேனரைக் கட்டியதும் அம்மா அதன் கீழே போய் நின்றாள். மார்பில் அடித்துக்கொள்வாள் என்று பயந்தேன். அவள் அண்ணாந்து பார்த்து, “தேறி வந்தா மாதிரி கீறா பாரு” என்றாள். முகத்தில் ஒரு நிம்மதி. அதைப் பார்த்தபின் எனக்குக் கடைக்காரர் மேலிருந்த கோபமும் போய்விட்டது. கோபத்தை வைத்துக்கொள்ள இடமில்லாமல் போனதுதான் மிச்சம்.

காரியத்துக்கு அதே படத்தைச் சின்னதாக்கிச் சட்டம் போட்டார்கள். கூடத்தில் மாட்டி, பிளாஸ்டிக் சந்தன மாலையும் ஒரு குட்டிச் சிவப்பு பல்பும் போட்டார்கள். மற்றப் படங்கள் இருந்த தங்கை வீட்டுக்காரரின் போன் அடுத்த வருஷம் கெட்டுப்போனது. அந்தக் காதுகுத்துப் படமும் அதோடு போயிற்று. யாரும் பெரிதாக வருத்தப்படவில்லை. சுவரில்தான் படம் இருக்கிறதே.

எனக்குப் பயம் பிடித்தது அப்போதுதான். தங்கைக்கு ஒரு மகள். தங்கை இறந்தபோது அவள் பால்வாடிக்குப் போய்க்கொண்டிருந்தாள். தினமும் காலையில் அந்தப் படத்தின் முன்னால் நின்று விபூதி வைத்துக்கொண்டு, “அம்மா, ஸ்கூலுக்குப் போய்ட்டு வர்றேன்” என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்புவாள். யாரோ ஒரு பெண்ணின் உடம்புக்கு, வெளுக்கப்பட்ட ஒரு முகத்துக்குச் சொல்லிவிட்டுப் போகிறாள். இவளுக்கு அவள் அம்மாவை யாராவது கொடுக்க வேண்டும். நான் செய்கிறேன், எனக்குத் தெரிந்த விதத்தில் செய்கிறேன் என்று முடிவு செய்தேன். இத்தனை வருஷம் வெட்டியது எதற்காக.

முகமே செய்ததில்லை நான். புத்தகம் புத்தகமாகப் புரட்டினேன். முதலில் தோற்றது கையில். சிரிக்கிறாளா இல்லையா என்று உலகமே தலையைச் சொறியும் அந்தப் பெண்ணின் கைகள் சும்மா இருக்கிற கைகள். என் தங்கையின் கை அப்படி ஒருநாளும் இருந்ததில்லை. குடத்திலிருந்து பால் ஊற்றுகிறவளின் கை கொஞ்சம் பக்கத்தில் வந்தது, ஆனால் வெள்ளை. எல்லாமே வெள்ளை. நம் நாட்டு எண்ணெய் ஓவியங்களின் காலண்டர்களை எடுத்தேன். அன்னத்தோடு பேசுகிறவளும் சரி, தாமரையில் நிற்கிறவளும் சரி, எல்லாரும் ஃப்ளெக்ஸ் கடைக்காரரின் பெட்டிக்குள்ளிருந்து வந்தவர்கள்போலத்தான் இருந்தார்கள். உலகத்தின் அத்தனை அழகான ஓவியங்களிலும் என் தங்கையின் தோல் ஒரு விரற்கடைகூட இல்லை.

பிறகு அதை மனிதர்களிடம் தேடுவதை விட்டேன். யாரோ கழற்றிப் போட்ட பழைய பூட்ஸ் ஜோடி ஒன்றின் தோலிலிருந்து நெற்றியை எடுத்தேன். உழுத வயலிலிருந்து கன்னம். விளக்கொளியில் உருளைக்கிழங்கு தின்னும் ஏழைக் குடும்பத்தின் மேசைக்கு அடியில் இருக்கும் இருட்டிலிருந்து கழுத்து. குதிரையின் முதுகிலிருந்து ஒரு தோள். அவளுக்குத் தெத்துப்பல். புகழ்பெற்ற பெண்கள் யாரும் பல்லைக் காட்டிச் சிரிப்பதில்லை. குடிகாரர்கள் கூத்தடிக்கும் ஒரு படத்தில் ஒருவன் வாயைத் திறந்திருந்தான். அந்த உதட்டை எடுத்து, பல்லுக்கு ஒரு மேசை விரிப்பின் ஓரத்தை நறுக்கி ஒட்டினேன். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் இதுதான் வேலை. அம்மா சோற்றைப் போட்டு வைத்துவிட்டுக் கூப்பிடாமல் போய்ப் படுத்துக்கொள்வாள்.

நடுவில் ஒரு கஷ்டம். அவளை மனத்தில் நிறுத்திப் பார்க்கலாம் என்று கண்ணை மூடினால் மெரூன் வந்தது. சாயம் போன நைட்டியும் பூப்போட்ட நைலக்ஸ் புடவையும் கட்டியவள் அவள். எனக்குத் தெரியும், சொல்ல முடிகிறது, ஆனால் பார்க்க முடியவில்லை. கூடத்துப் படம் என் தலைக்குள்ளும் ஆணி அடித்து மாட்டிக்கொண்டிருந்தது. அதைக் கழற்றிக் கழற்றி வைத்துவிட்டுத்தான் வேலை செய்தேன். சில நாள் கழற்ற முடியாமல் சும்மா உட்கார்ந்து அழுதேன்.

ஆனால் படம் வந்தது. எப்படி வந்தது என்று கேட்டால் தெரியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கவாட்டில் ஒரு சின்னத் துண்டு நிழலை ஒட்டிவிட்டு எழுந்து விலகி நின்றபோது, என் தங்கை சிரித்துக்கொண்டிருந்தாள். கருப்பாக, தெத்துப்பல்லோடு, யாரையோ கேலி செய்யப் போகிற அதே வாயோடு. அம்மாவைக் கூப்பிட்டேன். அவள் வந்து பார்த்தாள், அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். “மூடு, அதை மூடு” என்றாள். பேனரின் கீழே அழாதவள் அன்றைக்கு அழுதாள். நான் என் வாழ்க்கையில் செய்த ஒரே நல்ல வேலை இதுதான் என்று அப்போது நினைத்தேன். இப்போதும் நினைக்கிறேன்.

பழைய போர்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு விழுப்புரம் பஸ் ஏறினேன். தங்கை வீட்டுக்காரர் வேலைக்குப் போயிருந்தார். பக்கத்து வீட்டம்மா கதவைத் திறந்துவிட்டுப் போனாள். குழந்தை இப்போது ஒன்றாம் வகுப்பு. பாவாடையில் ஒழுக ஒழுகக் குச்சி ஐஸ் தின்றுகொண்டிருந்தாள். போர்வையைப் பிரித்துச் சுவரில் சாய்த்து வைத்தேன். பரீட்சைக்குப் போகிறவள் மாதிரி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் குனிந்து பார்த்தாள். பூட்ஸைத் தொட்டாள், வயலைத் தொட்டாள். “சூப்பரா கீது பெரிம்மா. யாரு இது?”

“யாருன்னு நீ சொல்லு.”

யோசித்தாள். “நீயா?”

“இல்லடா. அம்மா. உங்க அம்மா.”

அவள் ஐஸை வாயிலிருந்து எடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள். பிறகு கூடத்துச் சுவரைக் கையால் காட்டினாள். “அம்மா அதோ கீறாங்க.” குரலில் கோபமில்லை. தெரியாதவர்களுக்கு வழி சொல்கிற தொனி.

“அதுவும் அம்மாதான். ஆனா அம்மா நெஜமாலும் இப்படித்தான் இருப்பா. இந்தக் கலரு.”

“இல்ல. எங்கம்மா செவப்பு” என்றாள். தன் கையை நீட்டி, திருப்பி, ஒருமுறை பார்த்துக்கொண்டாள். “நான்தான் கருப்பு.”

அவளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன். “நீ அப்படியே உங்கம்மா மாதிரிதான்டி” என்றேன். “மூக்கு, பல்லு, கலரு, எல்லாம். அப்படியே அவளேதான்.”

அவள் சுவரிலிருந்த படத்தை நன்றாகப் பார்த்தாள். பிறகு நான் ஆசைக்குச் சொல்கிறேன் என்று புரிந்துகொண்டவள்போல, என்னை வருத்தப்படுத்த வேண்டாம் என்று நினைத்தவள்போல, ஐஸ் பிசுபிசுத்த கையால் என் கன்னத்தைத் தட்டினாள்.

“பொய் சொல்லாத பெரிம்மா” என்றாள்.