ராமாயி அக்காவின் காம்பராவில் திறப்பு விழா

வெள்ளிக்கிழமை காலை, மலைத் தண்ணீர் விழும் பீலியில் குடம் பிடித்துக்கொண்டு நின்றபோது செய்தி வந்தது. ராமாயி அக்கா பதுளை ஆஸ்பத்திரியில் விடியும் நேரத்தில் இறந்துவிட்டார்கள். அக்காவின் மருமகள் போனில் அழுதது சுற்றி நின்ற எல்லோருக்கும் கேட்டது. எனக்கு அழுகை வரவில்லை. "ஞாயித்துக்கெழம மியூசியம் தொறக்கப் போறானுங்களே, அக்காவ எங்க கெடத்துறது?" என்றுதான் கேட்டேன். அந்தக் கேள்விக்காகவே இதை எழுதுகிறேன். அக்காவைத் தெரிந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது ஒன்றுமில்லை. இனி வேன் பிடித்து வந்து இறங்கப் போகிறவர்கள் தெரிந்துகொள்ளட்டும்.

அக்கா பூனாகலையிலிருந்து கலியாணமாகி, நமுனுகுல மலைப் பக்கம் உள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு வந்தவர்கள். ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் கட்டிய லயத்தில் கடைசிக் காம்பரா அவர்களுடையது, அதற்கு அடுத்தது எங்களுடையது. காம்பரா என்றால் ஒரே அறை. அதற்குள்தான் அடுப்பு, படுக்கை, பிள்ளைப்பேறு, சாவு எல்லாம். முன்னால் இஸ்தோப்பு என்று ஒரு சின்னத் தாழ்வாரம். இடைச் சுவர் கூரை வரை எட்டாது. அக்கா கருவாடு பொரித்தால் என் பிள்ளைகள் அந்த மணத்தோடு வெறும் சோற்றைத் தின்று முடிக்கும்.

அக்கா நல்லவர்கள்தான். ஆனால் பீலியில் தண்ணீர் நூலாக வடிந்த ஒரு வறட்சியில், என் குடத்தைத் தள்ளிவிட்டுத் தன் குடத்தை வைத்தார்கள். அதை நான் மன்னிக்கவில்லை. இறந்துவிட்டார்கள் என்பதற்காக இப்போது மன்னிக்கப் போவதும் இல்லை. அதற்குப் பிறகு நாங்கள் பேசாமலிருந்த காலத்தில்தான் பெருமழை பெய்து மேட்டு லயத்தின் பின்னால் மண் சரிந்தது. அங்கிருந்த சனம் முழுக்க அக்காவின் காம்பராவுக்குள் வந்து அடைந்தது. எங்கள் கூரையும் ஒழுகியது. நான் பிள்ளைகளை மட்டும் உள்ளே அனுப்பிவிட்டு இஸ்தோப்பிலேயே நின்றேன்.

"என்னடி, பத்திரிகை வச்சு அழைக்கணுமா?" என்று உள்ளேயிருந்து அக்காவின் குரல் வந்தது. "கோவத்த இஸ்தோப்புல வச்சிட்டு உள்ள வா. காலையில எடுத்துக்க."

உள்ளே போனேன். காலையில் எடுத்துக்கொள்ளவும் செய்தேன்.

இப்படி இருந்த அக்காவிடம்தான், பதுளை டவுனிலிருந்து ஒரு குழு வந்தது. உத்தியோகம் முடிந்து வீட்டில் உட்கார முடியாத ஒருவர் அதற்குச் செயலாளர். வெள்ளைச் சட்டை, கழுத்தில் கேமரா. 'அந்தக் காலத்து லய வாழ்க்கை'யைக் காட்டப் பழசு மாறாத காம்பரா ஒன்று வேண்டுமாம். அந்தக் காலமாம்! அவர் நின்று பேசிய சுவருக்கு இந்தப் பக்கம், அதே தகரக் கூரையின் கீழ், நான் அன்று மத்தியானத்துக்குச் சோறு வடித்துக்கொண்டிருந்தேன். எட்டிப் பார்த்திருந்தால் மியூசியம் கட்டும் செலவே மிஞ்சியிருக்கும்.

அக்கா சுவருக்கு வெள்ளையடிக்கச் சுண்ணாம்பு வாங்கி வைத்திருந்தார்கள். செயலாளர் பதறிப்போனார்.

"ஐயோ, அந்தக் கரியத் தொட்டுறாதீங்க அக்கா. அதுதான் நம்ம வரலாறு."

அவர் தலை மறைந்ததும் அக்கா விழுந்து விழுந்து சிரித்தார்கள். "என் அடுப்புக் கரிக்கு வந்த மவுசப் பாத்தியாடி?"

சிரித்தவர்கள் காம்பராவையும் கொடுத்துவிட்டார்கள். அக்கா மேல் எனக்குள்ள இரண்டாவது கோபம் அது. குழுவினர் வேறு வீடு கட்டித் தருவார்களாம். பதிலுக்கு அக்கா கேட்டது ஒன்றே ஒன்று.

"எனக்கு வேற ஒன்னும் வேணாம் தம்பி. நான் செத்தா என்னைய இந்தக் காம்பராவுல கெடத்தி, இந்த வாசல் வழியாத்தான் தூக்கணும். எங்க வூட்டுக்காரரும் இப்பிடித்தான் போனாரு."

"அதுக்கென்னங்க அக்கா? என்னைக்கும் இது உங்க வாசல்தான்."

"சிரிச்சுக்கிட்டே சொல்றான், நம்பாதீங்க" என்றேன் அக்காவின் காதில்.

"ஒனக்கு யாரத்தான் புடிச்சுச்சு?" என்றார்கள்.

வீடு வரவில்லை. பூட்டிக் கிடந்த பழைய பிள்ளைக் காம்பராவில், கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் முன்பு குழந்தைகளை விட்டுப்போன அந்தக் கொட்டிலில், அக்காவைக் குடிவைத்தார்கள். பனியும் காற்றும் உள்ளேயே குடித்தனம் நடத்தும் இடம். அங்கே பிடித்த இருமல் கடைசிவரை விடவில்லை.

வெளிநாட்டு ஆட்கள் சிலர் முன்கூட்டியே பார்க்க வந்த அன்று, அக்காவை அடுப்படியில் உட்காரச் சொன்னார்கள். அக்கா திருவிழாச் சேலையைக் கட்டிக்கொண்டு போனார்கள். செயலாளரின் முகம் சுருங்கியது.

"பழைய சீலை ஒன்னு இல்லைங்களா அக்கா? கிழிஞ்சதா இருந்தா இன்னும் நல்லா இருக்கும்."

"கிழிஞ்சது வீட்டுல ஆள் இல்லாதப்ப கட்டுறதுங்க. ஆள் வந்தா நல்லதுதான் கட்டுவோம்."

அதன்பிறகு அக்காவைக் கூப்பிடவில்லை.

வரப்போகும் நிகழ்ச்சிகளை அச்சடித்துக் கடைகளிலெல்லாம் ஒட்டினார்கள். ஞாயிறு அமைச்சர் வந்து திறப்பார். அடுத்த வாரம் 'லயத்துச் சமையல்': ரொட்டியும் சம்பலும் ருசி பார்க்கலாம். எங்களுக்குக் காலைச் சாப்பாடு, அவர்களுக்கு நிகழ்ச்சி. பிறகு பள்ளிப் பிள்ளைகளுக்குச் சித்திரப் போட்டி, பதுளையில் புகைப்படக் கண்காட்சி. கூடை மாட்டிப் படம் எடுத்துக்கொள்ளத் தனி நேரம். காலில் அட்டை கடிக்க ஒரு நேரம் ஒதுக்கியிருக்கிறார்களா என்று தேடினேன். இல்லை.

இந்த நிலையில்தான் வெள்ளி மத்தியானம் அக்காவை வேனில் கொண்டுவந்தார்கள். காம்பராக் கதவில் புத்தம்புதுப் பூட்டு. செயலாளர் இன்னொரு வாகனத்தில் வந்து இறங்கினார்.

"அம்மா, நாளான்னைக்கு அமைச்சர் வர்றாரு. தோட்டத்து மண்டபத்துல வச்சிருங்க. அக்கா படத்தப் பெருசா அடிச்சு மாட்டுறோம். விழாவுல மவுன அஞ்சலியும் செலுத்துறோம்."

"அக்கா செத்ததுல இருந்து மவுனமாத்தான் இருக்காங்க. ஒங்க வாயில இருந்து வந்த வார்த்தை எங்கே போச்சு?" என்றேன்.

"அது ஒரு பேச்சுக்குச் சொன்னதுங்க."

"நாங்க பேச்ச நம்பித்தான் குடும்பம் நடத்துறோம். சாவிய எடுங்க."

சாவி டவுனில் இருக்கிறதாம். தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவர் கையைக் கட்டிக்கொண்டு, "பேசித் தீர்த்துக்குவோம்" என்றார். வேனுக்குள் பிணம், இவருக்குப் பேச்சுவார்த்தை. அக்காவின் மகன் கதவை இரண்டு கையாலும் பிடித்து மேலே தூக்கினான். மழையில் ஊதிப்போகும் லயக் கதவை அப்படித் தூக்கித்தான் நாங்கள் கழற்றுவோம். கதவு பூட்டோடு கையில் வந்தது.

உள்ளே அடுப்படியில் ஒரு பெண் பொம்மை குந்தியிருந்தது. கிழிந்த சேலை கட்டியிருந்தார்கள். அடுப்புக்குள் சிவப்புக் காகிதம், அதற்குள் பல்பு, நெருப்பு மாதிரி மினுக்மினுக்கென்று எரிந்தது.

"எழவு வீட்டுல அடுப்பு எரியலாமா? அதை நிப்பாட்டுங்க" என்றேன். செயலாளரே குனிந்து வயரைப் பிடுங்கினார்.

"பொம்மைய என்னாங்க செய்யிறது?" என்று மருமகள் கேட்டாள்.

"ஒப்பாரி வைக்கத் தெரிஞ்சா இருக்கட்டும். இல்லாட்டித் தூக்கி வெளிய வை."

அழுதுகொண்டிருந்த பெண்கள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அக்கா நடுவில் படுத்திருந்தார்கள், திருவிழாச் சேலையில்.

சனிக்கிழமை எடுப்பு. தப்பு மேளம் அடித்துக்கொண்டிருந்த நேரத்தில் அலங்காரக்காரர்கள் வந்து இஸ்தோப்புத் தூண்களுக்குக் குறுக்கே சிவப்பு ரிப்பன் கட்டினார்கள். கேட்டதற்கு, "நாளைக்கு நேரம் இல்லைங்க, நீங்க போனதும் கழுவிட்டா சரியாப் போயிரும்" என்றார்கள். யாரும் அவர்களோடு சண்டை போடவில்லை. நானும் போடவில்லை. என் ஆயுளில் நான் விட்ட சண்டை அது ஒன்றுதான்.

பாடையைத் தூக்கினார்கள். அக்காவின் மகன் முன்னால். ரிப்பனுக்காக அவன் குனியவில்லை, நிற்கவும் இல்லை. அது அவன் நெஞ்சில் பட்டு இழுபட்டு, பாடை மூங்கிலில் மாட்டி அறுந்தது. ஒரு துண்டு அக்காவோடு தேயிலைக்கு நடுவே படிக்கட்டில் இறங்கிப் போயிற்று. செயலாளர் ஓரமாக, செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

எழவு விழுந்த வாசலில் அமைச்சர் கால்வைக்க மாட்டாராம். விழாவைத் தள்ளிவைத்திருக்கிறார்கள். வேறு நாள் போட்டுப் புது நோட்டீஸ் அடிக்கிறார்கள் என்று கேள்வி. அடிக்கட்டும். இன்னொரு ரிப்பன் வாங்கி, அதையும் வெட்டட்டும். திறப்பு விழா ஒருமுறைதான் நடக்கும், அது நடந்து முடிந்துவிட்டது.

ராமாயி அக்கா, செத்தவர்களிடம் 'போய் வாங்க' என்று சொல்லக் கூடாது. உங்கள் வாசல் வழியாகவே போனீர்கள். போங்க அக்கா.