மாதா சப்பரத்துக்கு அத்தை கொடுத்த தோள்

எங்கள் ஊர் மாதா சப்பரம் கம்பத்துக்குப் போகும் பெரிய சாலையில் வரக்கூடாது என்று ஒரு வருடம் தடை வந்தது. சாலையில் இருப்பவை எல்லாம் இந்துக்களின் வீடுகள். நாங்கள் மாதா கோயிலைச் சுற்றிச் சில தெருக்களில் இருந்த கத்தோலிக்கர்கள். திருவிழா நெருங்க நெருங்க அப்பா ஓரிடத்தில் உட்காரவில்லை. சாப்பாட்டுத் தட்டோடு வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தார்.

தாலுகா ஆபீசில் எங்களுக்காகப் பேசியது அத்தைதான். அப்பாவின் தங்கை, சின்னமனூரில் டீச்சர். "நாங்க கொஞ்சப் பேருதான் சார். அதுக்காக எங்க வழக்கத்த ஒளிச்சு மறைச்சா செய்யணும்?" என்று கேட்டாளாம். அனுமதி கிடைத்தது. அப்பா அதை ஊரெல்லாம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார்.

அந்தச் சந்தோஷத்தில் அவர் இருக்கும்போதே அத்தை, "அண்ணே, இந்த வருசம் நானும் தோள் குடுக்குறேன்" என்றாள்.

"பொம்பளைக சப்பரம் தூக்குறது நம்ம வழக்கமில்ல ஆத்தா" என்று சிரித்தபடி எழுந்து போய்விட்டார்.

திருவிழாவன்று சப்பரம் பெரிய சாலையில் திரும்பியது. எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. இருபுறமும் கூட்டம், போலீஸ், தூக்கிப் பிடித்த செல்போன்கள். அப்போது அத்தை பெண்கள் வரிசையிலிருந்து விலகி வந்து, சப்பரத் தண்டுக்குத் தோளைக் கொடுத்தாள். தூக்கியவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். சப்பரத்தை நடுச்சாலையில் இறக்கிவிட்டார்கள். பாட்டு நின்றது. இன்ஸ்பெக்டர் கடிகாரத்தைப் பார்த்தார்.

அப்பா ஓடிவந்தார். கத்தப்போகிறார் என்று பயந்தேன். அவர் கெஞ்சினார். "எல்லாரும் பாக்குறாக ஆத்தா. நமக்குள்ளயே அடிச்சுக்கிட்டா அடுத்த வருசம் விடுவாகளா?"

"தாலுகா ஆபீசுல நான் பேசுனது எனக்கும் சேத்துத்தாண்ணே" என்றாள் அத்தை.

அவள் தண்டிலிருந்து கையை எடுக்க நேரமாயிற்று. எடுத்ததும் சப்பரம் எழும்பியது. "மரியே வாழ்க" என்று தெருவே அதிர்ந்தது. அத்தை பெண்கள் வரிசைக்குத் திரும்பவில்லை. சாலையைக் கடந்து எதிர்வீட்டுப் படியில் போய் உட்கார்ந்தாள். ஊர்வலம் கூடாது என்று மனுக் கொடுத்தவரின் வீடு அது. படியில் இருந்த அவர் மனைவி நகர்ந்து இடம் விட்டு, சொம்பில் தண்ணீர் கொடுத்தாள்.

நான் ஓடிப்போய் அத்தையின் கையை இழுத்தேன். "வா அத்தை, நம்ம சப்பரம் போகுது."

"யாரு சப்பரம்டி?"

கூட்டச் சத்தத்தில் அவளுக்குக் காதில் விழவில்லை என்று நினைத்து, "மாதா சப்பரம்!" என்று கத்தினேன். அந்த அம்மாள் சட்டென்று சிரித்தாள். அத்தையின் கண் நிறைந்தது. நான் சொன்னதில் என்ன தப்பு என்று தெரியாமல், நகர்ந்துகொண்டிருந்த சப்பரத்தையும் நகராத அத்தையையும் மாறி மாறிப் பார்த்தபடி நின்றேன்.